யார் யாரிடம் நடந்து போவது

2025 ஜூன் 8 ஞாயிற்றுக்கிழமை. கோயம்புத்தூரில் டிஎன்பிஎல் ஆட்டம், திண்டுக்கல் டிராகன்ஸுக்கும் திருப்பூர் தமிழன்ஸுக்கும். எங்கள் ஊர் அணி என்பதால் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது ஓவரில் சாய் கிஷோர் பந்தில் அஸ்வினுக்கு எல்பிடபிள்யூ கொடுத்தார் நடுவர் கிருத்திகா. பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியது என்று அஸ்வின் கையைக் காட்டினார். டிஆர்எஸ் கேட்கவும் வழியில்லை, இருந்த இரண்டையும் முன்பே தீர்த்திருந்தார்கள். நடுவரிடம் நடந்து போய்ப் பேசினார். பதில் வரவில்லை. திரும்பி வரும்போது மட்டையால் காலில் கட்டியிருந்த பேடில் ஓங்கி ஒரு அடி.

அன்று இரவே அந்தத் துண்டு வீடியோ எல்லா வாட்ஸப் குழுவிலும் வந்துவிட்டது. எல்லோரும் அஸ்வினைப் பற்றித்தான் பேசினார்கள். ஒரு பக்கம் 'அவர் சொன்னது சரிதானே', இன்னொரு பக்கம் '537 டெஸ்ட் விக்கெட் எடுத்த ஆள் இப்படி நடந்துக்கலாமா'. நான் அதை நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். நாலாவது தடவைதான் நடுவரைப் பார்த்தேன். அவர் ஒன்றுமே செய்யவில்லை. கை நீட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை, விளக்கம் சொல்லவில்லை. இந்தியா முழுக்கத் தெரிந்த ஒரு முகம் மிக அருகில் நின்று பேசிக்கொண்டிருக்க, அந்தப் பேச்சுக்குள் போகாமல் விலகி நடந்தார்.

இந்த 'ஒன்றும் செய்யாமல் இருப்பது' சும்மா வந்துவிடவில்லை. அதற்கு நாற்பது ஐம்பது வருடச் சண்டைகள் தேவைப்பட்டிருக்கின்றன.

திண்டுக்கல் பக்கம் டென்னிஸ் பால் ஆடியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். திண்டுக்கல் என்ன, தமிழ்நாட்டில் எங்கே ஆடியவர்களுக்கும் தெரியும். அம்பயர் பேட்டிங் டீம் ஆள். இன்னும் பேட்டிங் வராதவனோ, அவுட்டாகி வந்தவனோ போய் நிற்க வேண்டும். எல்பிடபிள்யூ கிடையாது, வைடு உண்டு, கேட்ச்சும் ரன் அவுட்டும்தான் தகராறு. பத்தாம் வகுப்பு படிக்கும்போது நத்தம் ரோட்டோரம் ஒரு தரிசில் நடந்த மேட்சில் நான் நின்றேன். எங்கள் கேப்டன் அண்ணன் இரண்டாவது ரன்னுக்கு ஓடி வந்தார். ஸ்டம்பு சாயும்போது மட்டை கோட்டுக்கு ஒரு சாண் வெளியே இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. எதிரணியில் பதினொரு பேரும் கத்திக்கொண்டே என்னிடம் ஓடி வந்தார்கள். அண்ணன் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். 'நாட் அவுட்' என்றேன். ஓவர் முடிந்ததும் தோளில் தட்டி, "நல்ல அம்பயர்டா நீ" என்றார். பாராட்டு வாங்கி அவ்வளவு கூசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இதில் வேடிக்கை, டெஸ்ட் கிரிக்கெட்டும் ஏறக்குறைய 1986 வரை இப்படித்தான் நடந்தது. எந்த நாட்டில் ஆட்டமோ அந்த நாட்டு அம்பயர்கள். விருந்தாளி அணி எங்கே போனாலும் 'இவங்க ஆளு' என்கிற சந்தேகத்தோடுதான் இறங்கும். ஒரு தீர்ப்பு தப்பினால் அது தப்பாகத் தெரியாது, சதியாகத் தெரியும். சதிகாரனிடம் யார் மரியாதை காட்டுவார்கள்?

1980 பிப்ரவரியில் நியூசிலாந்து போன வெஸ்ட் இண்டீஸ் அணியின் கதை இதற்கு நல்ல உதாரணம். டுனெடின் டெஸ்டில் ஒரு கேட்ச் அப்பீல் மறுக்கப்பட, மைக்கேல் ஹோல்டிங் பேட்ஸ்மேன் முனைக்குப் போய் ஸ்டம்பை உதைத்தார். அந்தப் புகைப்படம் அழகானது, கால்பந்து வீரன் மாதிரி கால் தோளுயரத்துக்குப் போயிருக்கும். ஆனால் அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த டெஸ்ட். கிறைஸ்ட்சர்ச்சில் காலின் கிராஃப்ட் ஓடி வரும்போது நடுவர் ஃபிரெட் குடாலின் மேலேயே மோதினார். அதற்கு முன்பு வசவு. குடால், கிராஃப்டைப் பற்றிப் புகார் சொல்ல கேப்டன் கிளைவ் லாயிடிடம் போனார். லாயிட் ஸ்லிப்பில் நின்றுகொண்டிருந்தார். ஸ்லிப்பிலிருந்து ஓரடி நகரவில்லை. நடுவர்தான் பிட்ச் முழுக்க நடந்து அவரிடம் போக வேண்டியிருந்தது.

கிரிக்கெட் மைதானத்தில் யார் யாரிடம் நடந்து போகிறார் என்பதைப் பார்த்தால் போதும், அந்த நிமிடம் ஆட்டம் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். குடால் நடந்த அந்தத் தூரத்தில் ஒரு நடுவரின் அதிகாரம் மொத்தமும் கரைந்துபோனது. லாயிட் ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எங்கள் அண்ணனும் சொல்லவில்லை.

ஒரு வருடம் கழித்து 1981 பிப்ரவரியில் மெல்போர்ன். லில்லி பந்தில் கவாஸ்கருக்கு ரெக்ஸ் ஒயிட்ஹெட் எல்பிடபிள்யூ கொடுத்தார். மட்டையில் பட்டது என்பது கவாஸ்கரின் வாதம். அதோடு லில்லி ஏதோ சொல்லப்போக, எதிர்முனையில் நின்ற சேத்தன் சௌஹானையும் கூட்டிக்கொண்டு வெளியே நடக்க ஆரம்பித்துவிட்டார். கேப்டன் ஆட்டத்தையே தூக்கிக்கொண்டு போகிறார். எல்லைக் கோட்டருகே அணி மேலாளர் துரானி வந்து நின்றார். விமானப்படை அதிகாரி. சௌஹானைத் திருப்பி உள்ளே அனுப்பினார், அடுத்து வெங்சர்க்கார் இறங்கினார், ஆட்டம் நடந்தது. ஆஸ்திரேலியாவை 83க்குச் சுருட்டி இந்தியா அந்த டெஸ்டை ஜெயித்தது. வெளியேறியிருந்தால் தோற்றதாக அறிவித்திருப்பார்கள். பின்னாளில் கவாஸ்கரே அன்றைக்கு நடந்ததற்கு வருந்தினார்.

அந்த நாளில் நடுவரின் அதிகாரத்தைக் காப்பாற்றியது நடுவர் இல்லை, எதிர்த்துப் போன அணியின் மேலாளர். கோட்டுக்குள் வந்து நடுவரிடம் பேசாமல், கோட்டில் நின்று தன் ஆளைத் திருப்பி அனுப்பினார். பின்னால் ஒரு பயிற்சியாளரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, அப்போது துரானி நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவர் பதில் பேசினால் என்ன ஆகும்? 1987 டிசம்பர், பைசலாபாத். இரண்டாம் நாள் ஆட்டம் முடியும் நேரம். பந்து வீச வரும்போது இங்கிலாந்து கேப்டன் மைக் கேட்டிங் ஒரு ஃபீல்டரை நகர்த்தினார். பேட்ஸ்மேனுக்குத் தெரியாமல் நகர்த்துகிறார், ஏமாற்று வேலை என்று ஸ்கொயர் லெக்கில் நின்ற நடுவர் ஷகூர் ராணா ஆட்டத்தை நிறுத்தினார். அடுத்த நிமிடம் இருவரும் மூக்குக்கு மூக்கு, விரலுக்கு விரல். அந்தப் படத்தில் யார் நடுவர், யார் ஆட்டக்காரர் என்று வெள்ளைக் கோட்டை வைத்துத்தான் சொல்ல முடியும். மன்னிப்பு வராமல் நிற்க மாட்டேன் என்றார் ராணா. மூன்றாம் நாள் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. கடைசியில் கேட்டிங் ஒரு துண்டுக் காகிதத்தில் மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். ராணாவுக்குக் கிடைத்தது அந்தக் காகிதம். ஆட்டம் டிரா.

ராணாவின் மேல் எனக்குக் கொஞ்சம் பரிவு உண்டு. ஒரு வெள்ளைக்கார கேப்டன் முகத்துக்கு நேராகத் திட்டும்போது, பாகிஸ்தான் நடுவர் வாயை மூடிக்கொண்டு ஸ்கொயர் லெக்குக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்வது எனக்கு எளிது. அவருக்குப் பின்னால் அப்போது எந்த அமைப்பும் இல்லை. அவருடைய அறிக்கையைப் படித்து மறுநாள் அபராதம் போட மேட்ச் ரெஃப்ரி என்று ஒருவர் இல்லை. அபராத விதி இல்லை. அவரிடம் இருந்தது அவருடைய விரல் மட்டும்தான், அதை நீட்டினார்.

இதற்கு ஒரு வருடம் முன்பே, 1986 நவம்பரில், பாகிஸ்தானில் ஒரு புதுமை நடந்திருந்தது. வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான லாகூர் டெஸ்டுக்கு இரண்டு இந்திய நடுவர்களை வரவழைத்தார்கள், வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர். பாகிஸ்தானில் இந்திய அம்பயர்கள்! கேப்டன் இம்ரான் கான்தான் இதற்குப் பிடிவாதமாக நின்றவர். நம் அம்பயரால்தான் ஜெயித்தோம் என்ற பேச்சு வேண்டாம் என்பது அவர் நோக்கம். பேட்டிங் டீம் ஆளை அம்பயராக நிறுத்தாதே என்று பேட்டிங் டீம் கேப்டனே சொன்ன மாதிரி.

அதன் பிறகு எல்லாம் படிப்படியாக வந்தது. 1991 நவம்பரில் பிரிஸ்பேனில் இந்தியா ஆடிய டெஸ்டில் முதல் மேட்ச் ரெஃப்ரி. 1994 முதல் ஒவ்வொரு டெஸ்டிலும் ஒரு வெளிநாட்டு நடுவர். 2002ல் எலைட் பேனல், இருவரும் வெளிநாட்டவர். கோவிட் வந்து 2020ல் பயணம் நின்றபோது மட்டும் உள்ளூர் நடுவர்களுக்குத் திரும்பினார்கள். அப்போது அணிகளுக்குக் கூடுதலாக ஒரு ரிவியூ கொடுத்ததைப் பார்த்தால் பழைய சந்தேகம் முழுக்கப் போகவில்லை என்று தெரிகிறது.

இந்த மாற்றங்களின் உள்ளர்த்தம் என்ன? மைதானத்தில் நடக்க வேண்டிய சண்டையை மைதானத்துக்கு வெளியே, ஒரு அறைக்கும் காகிதத்துக்கும் நகர்த்தியது. நடுவர் பதில் பேச வேண்டிய தேவையே இல்லாமல் ஆக்கியது. நான் வேலை பார்க்கும் மென்பொருள் துறையில் நள்ளிரவில் சர்வர் விழுந்தால் ஒரு பழக்கம் உண்டு. அந்த அழைப்பில் யார் தப்பு என்று பேசக் கூடாது, முதலில் சர்வரை எழுப்பு, காரணத்தை மறுநாள் எழுது. சிரிப்பாக இருக்கும், அந்த அழைப்பில் சத்தம் போடுகிற மேலாளர் எப்போதும் ஒருவர் இருப்பார். பழக்கம் வலுவாக இருந்தால் அவர் சத்தம் காற்றில் போய்விடும்.

இந்தக் காலகட்டத்துக்கு நடுவில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் வந்தார். எஸ். வெங்கட்ராகவன். 1945ல் சென்னையில் பிறந்து கிண்டியில் பொறியியல் படித்தவர், ஆஃப் ஸ்பின்னர், 57 டெஸ்ட், 156 விக்கெட். 1975, 1979 இரண்டு உலகக் கோப்பையிலும் இந்திய கேப்டன். ஆடிய காலத்தில் அவருக்குக் கோபக்காரர் என்றுதான் பெயர். கேட்ச்சை விட்ட ஃபீல்டரைப் பார்க்கும் அவருடைய பார்வையைப் பற்றி மூத்த ரசிகர்கள் இன்றும் பேசுவார்கள். 1979 இங்கிலாந்து தொடர் முடிந்து ஊர் திரும்பும் விமானத்தில், அடுத்த கேப்டன் கவாஸ்கர் என்று விமானியே ஒலிபெருக்கியில் அறிவித்தார் என்று ஒரு கதை உண்டு. பதவி போன செய்தி அவருக்கு நடுவானில் கிடைத்தது.

இந்த மனிதர் 1993 ஜனவரியில் கல்கத்தா டெஸ்டில் நடுவராக நின்றார். பிறகு 2004 வரை 73 டெஸ்ட்கள். 2002ல் எலைட் பேனலுக்குப் போன முதல் இந்தியர். சின்ன வயதில் டிவியில் அவரைப் பார்த்த நினைவு எனக்கு உண்டு. மெலிந்த முகம், மூடிய வாய். அப்பீலின் கூச்சல் அடங்கும்வரை அந்த முகத்திலிருந்து ஒரு துப்பும் கிடைக்காது. கோபக்கார ஆட்டக்காரர் எப்படி இப்படி ஒரு நடுவர் ஆனார் என்று யோசித்தால், அந்தக் கோபமே அவருக்குப் பாடமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. கத்துகிறவன் உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும், அந்தக் கத்தலில் பாதி தன் மேல் வருவது இல்லை என்றும் தெரியும். பந்துவீச்சாளருக்குத் தன் பந்தின் மேல் கோபம், பேட்ஸ்மேனுக்குத் தன் காலின் மேல் கோபம். நடுவர் பக்கத்தில் நிற்கிற ஆள், அவ்வளவே.

இங்கே ஒரு முரணையும் சொல்லிவிட வேண்டும். நான் நடுவர்களுக்கு வக்காலத்து வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் 1999 ஜனவரி 23 என்ற தேதி வரும்போது என்னால் முடிவதில்லை. அடிலெய்டில் இலங்கைக்கும் இங்கிலாந்துக்கும் ஒரு நாள் ஆட்டம். முத்தையா முரளிதரனின் பந்தை, எறிகிறார் என்று சொல்லி ராஸ் எமர்சன் ஸ்கொயர் லெக்கிலிருந்து நோ பால் என்றார். முரளிக்கு இது புதிதல்ல. 1995 பாக்ஸிங் டே அன்று மெல்போர்னில் டேரல் ஹேர் அவரை ஏழு தடவை நோ பால் சொல்லியிருந்தார். இந்தத் தடவை கேப்டன் ரணதுங்கா விரலை ஆட்டிப் பேசினார், அணியைக் கூட்டிக்கொண்டு எல்லைக் கோடு வரை போனார். கொழும்புக்குப் போன் பேசப்பட்டது. திரும்பி வந்ததும் முரளியை முனை மாற்றி வீசவைத்து, எமர்சனை ஸ்டம்புக்கு நெருக்கமாக நில்லுங்கள் என்று இடம் வேறு காட்டினார். அங்கிருந்து கை முழுதாகத் தெரியாதே. ஒரு கேப்டன் நடுவருக்கு எங்கே நிற்க வேண்டும் என்று கட்டளையிடுகிறார். இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது. ஆனாலும் நம்மில் எத்தனை பேருக்கு எமர்சன் பக்கம் நிற்க மனம் வந்தது?

ரணதுங்காவுக்குக் கிடைத்தது ஆட்டச் சம்பளத்தில் 75 சதவீதம் அபராதம், நிறுத்திவைக்கப்பட்ட ஆறு ஆட்டத் தடை. விசாரணைக்கு வழக்கறிஞர்களோடு போனார். எமர்சனின் சர்வதேச நடுவர் வாழ்க்கை அதோடு முடிந்தது. சில வருடங்கள் கழித்து ஐசிசி எல்லா வீச்சாளர்களையும் அளந்து பார்த்து, முழங்கை 15 டிகிரி வரை நிமிரலாம் என்று விதியையே மாற்றியது. கூர்ந்து பார்த்தால் கிட்டத்தட்ட எல்லோருடைய கையும் கொஞ்சம் நிமிர்கிறது என்று தெரியவந்தது.

எமர்சன் அன்று பதறவில்லை, குரல் உயர்த்தவில்லை. வெளிப் பார்வைக்கு நிதானமாகத்தான் இருந்தார். ஆனால் தீர்ப்பை முன்கூட்டியே பையில் போட்டுக்கொண்டு வந்தவர் என்று மைதானத்தில் இருந்த எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை வந்த பிறகு நிதானம் எதற்கும் உதவாது. அதனால்தான் நடுவரின் அமைதியை ஒரு குணமாகப் புகழும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம் வருகிறது. அமைதியாக அநியாயம் செய்யவும் முடியும்.

சரி, பயிற்சியாளர்களுக்கு வருவோம். லாயிடின் காலத்தில் கிரிக்கெட்டில் கோச் என்ற ஆள் பெரிதாக இல்லை, எல்லாம் கேப்டன்தான். இப்போது பவுண்டரிக்கு வெளியே ஒரு சின்ன அலுவலகமே உட்கார்ந்திருக்கிறது. மடிக்கணினி, திரை, மறுஒளிபரப்பு. நடுவர் பார்த்த ஒரு நொடியை அவர்கள் பத்துக் கோணத்தில் பார்த்துவிடுகிறார்கள். கோபத்துக்கு இப்போது ஆதாரம் இருக்கிறது, அதுதான் புதுச் சிக்கல்.

2022 ஏப்ரல் 22, வான்கடே. ராஜஸ்தானுக்கு எதிராக டெல்லிக்குக் கடைசி ஓவரில் 36 ரன் வேண்டும். ரோவ்மன் பாவெல் முதல் மூன்று பந்தையும் சிக்ஸ் அடித்துவிட்டார். மூன்றாவது பந்து இடுப்புக்கு மேல் வந்த ஃபுல் டாஸ் என்று டெல்லி நினைத்தது, நடுவர்கள் நோ பால் கொடுக்கவில்லை. வெளியே இருந்த கேப்டன் ரிஷப் பந்த், பேட்ஸ்மேன்களை வெளியே வரச் சொல்லிக் கை காட்டினார். துணைப் பயிற்சியாளர் பிரவீன் ஆம்ரே கோட்டைத் தாண்டி உள்ளே நடந்து நடுவர்களிடமே போனார். அதே அணியின் இன்னொரு துணைப் பயிற்சியாளர் ஷேன் வாட்சன், பந்தின் பக்கத்தில் நின்று அடக்கப் பார்த்தார். நடுவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு ஆட வேண்டும் என்று ஆட்டம் முடிந்ததும் வெளிப்படையாகவும் சொன்னார். ஆம்ரேக்கு நூறு சதவீத அபராதமும் ஒரு ஆட்டத் தடையும். நடுவர்கள் நிதின் மேனனும் நிகில் பட்வர்தனும் ஆம்ரேயை வெளியே அனுப்பிவிட்டு நாலாவது பந்துக்குப் போனார்கள்.

துரானி கோட்டில் நின்றார், ஆம்ரே கோட்டைத் தாண்டினார். நாற்பத்தோரு வருட இடைவெளி.

ஆம்ரேயைத் திட்டிய நம் ஆட்கள் 2019 ஏப்ரல் 11ஐ வசதியாக மறந்துவிடுவார்கள். ஜெய்ப்பூரில் சென்னை சூப்பர் கிங்ஸின் கடைசி ஓவர். உல்ஹாஸ் காந்தே நோ பால் என்று கையை நீட்டுவது போல் நீட்டி, ஸ்கொயர் லெக்கில் நின்ற புரூஸ் ஆக்ஸன்ஃபோர்ட் இல்லை என்றதும் இறக்கிவிட்டார். அவுட்டாகி உட்கார்ந்திருந்த தோனி மைதானத்துக்குள் நடந்து வந்தார். அமைதிக்கே பேர் போன தோனி! அபராதம் ஆட்டச் சம்பளத்தில் பாதி. எங்கள் வீட்டு ஹாலில் விசில் பறந்தது, நானும் அடித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்று ஆக்ஸன்ஃபோர்ட் என்ன செய்தார் என்று பிறகுதான் பார்த்தேன். தோனியிடம் சுருக்கமாகப் பேசினார், தீர்ப்பை மாற்றவில்லை, தன் இடத்துக்குத் திரும்பினார். கையை அரைகுறையாக நீட்டிய காந்தேயின் அந்த அரை நொடித் தயக்கம்தான் தோனிக்குக் கதவைத் திறந்துவிட்டது. தப்பான தீர்ப்பைவிடத் தயங்கிய தீர்ப்பு அதிகக் கூட்டத்தைக் கூட்டும் என்பது எங்கள் நத்தம் ரோட்டுத் தரிசிலும் உண்மை.

கால்பந்தில் இது இன்னும் முற்றிப்போன நோய். 2023 மார்ச் 3, பெங்களூர் கண்டீரவா மைதானம், ஐஎஸ்எல் நாக்அவுட். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி, எதிரணி தயாராகும் முன் ஃப்ரீ கிக்கை அடித்துக் கோலாக்கினார். நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் என்றார். கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் அணியையே வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார், திரும்பி வரவில்லை. நடுவர் துரத்திப் போகவில்லை, காத்திருந்தார், ஆட்டம் பெங்களூருக்கு என்று முடிந்தது. பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை, கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம்.

தண்டனைகளை அடுக்கிக்கொண்டே போனால் நடுவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. தோனி உள்ளே வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, 2019 மார்ச் 28, பெங்களூர். மலிங்கா வீசிய கடைசிப் பந்து நோ பால், கால் கோட்டைத் தாண்டியிருந்தது. நடுவர் எஸ். ரவி பார்க்கவில்லை, மும்பை ஜெயித்தது. இது கிளப் ஆட்டம் இல்லை, நடுவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்கிற தொனியில் விராட் கோலி பேசினார். கோலிக்கு அபராதம் இல்லை. ரவி, வெங்கட்டுக்குப் பிறகு எலைட் பேனலுக்குப் போன அடுத்த இந்தியர். அந்த ஜூலையில் ஐசிசி புதிய பட்டியலை வெளியிட்டபோது அவர் பெயர் அதில் இல்லை. ஒன்று இன்னொன்றால் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆட்டக்காரர் அபராதத்தைக் கட்டிவிட்டு அடுத்த வாரம் ஆட வருவார். நடுவர் கட்டுவது வேறு கணக்கு.

இப்போது கோயம்புத்தூருக்குத் திரும்பலாம். அந்த மைதானத்தில் ஒரு பெண் நடுவர் நின்றதற்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த என். ஜனனி மென்பொருள் பொறியாளராக இருந்தவர். நடுவராக வேண்டும் என்று தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தைச் சில தடவை அணுகினார். பல வருடங்கள் கழித்து, 2015ல்தான் சங்கம் விதியை மாற்றிப் பெண்களை அனுமதித்தது. 2018ல் பிசிசிஐ தேர்வில் தேறி வேலையை விட்டார், 2021ல் டிஎன்பிஎல்லில் நின்றார். 2023 ஜனவரியில் விருந்தா ராத்தி, காயத்ரி வேணுகோபாலன், ஜனனி மூவரும் ரஞ்சி ஆட்டங்களில் நின்றார்கள், அந்தப் போட்டியில் முதல் பெண்கள். ஐடி வேலையை விட்டு ஒருவர் சினிமாவுக்குப் போனால் கட்டுரை எழுதுகிறோம், இயற்கை விவசாயத்துக்குப் போனால் பேட்டி எடுக்கிறோம். பந்துக்குப் பந்து திட்டு வாங்கும் வேலைக்குப் போனவரைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது.

எதிரில் நின்றவர் யார் என்பதும் முக்கியம். அஸ்வின் ரவுடித்தனம் செய்கிற கேப்டன் இல்லை. விதிப் புத்தகத்தைப் படித்த கேப்டன், அதனாலேயே நடுவருக்குக் கூடுதல் சிரமம். 2012ல் பிரிஸ்பேனில் பந்து வீசும் முன் கிரீஸை விட்டு நகர்ந்த திரிமன்னேயை ரன் அவுட் செய்தார். விதிப்படி அவுட். நடுவர்கள் கேப்டன் சேவாக்கைக் கேட்க, அவர் அப்பீலைத் திரும்பப் பெற்றார். விதி தன் பக்கம் இருந்தும் தோற்ற அனுபவம் அது. 2023 ஜூனில் திண்டுக்கல்லுக்காகத் திருச்சிக்கு எதிராக ஆடும்போது, ரிவியூவில் மூன்றாம் நடுவர் நாட் அவுட் என்று மாற்றிய அதே பந்தை உடனே இன்னொரு தடவை ரிவியூ கேட்டார். ஊரே சிரித்தது, ஆனால் விதியில் தடை இல்லை. மறுபடி பார்த்தார்கள், மறுபடியும் நாட் அவுட். கத்துகிற கேப்டனுக்குப் பதில் சொல்லாமல் இருந்துவிடலாம். விதி பேசுகிற கேப்டனிடம் அமைதி காப்பது கடினம், ஏனென்றால் அவர் சில சமயம் சரியாகவே சொல்லிவிடுவார்.

அன்றைக்கும் சரியாகச் சொன்னார் என்றுதான் எனக்குப் படுகிறது. மறுஒளிபரப்பில் பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியது மாதிரிதான் தெரிந்தது. ஆட்டம் முடிந்ததும் மேட்ச் ரெஃப்ரி அர்ஜன் கிருபால் சிங் விசாரித்தார். இவர் தமிழ்நாட்டுக்காக ரஞ்சியில் முச்சதம் அடித்தவர், சென்னையின் பழைய கிரிக்கெட் குடும்பம். நடுவர் தீர்ப்பை எதிர்த்ததற்கு 10 சதவீதம், மட்டையால் அடித்ததற்கு 20. அஸ்வின் ஏற்றுக்கொண்டார். ஆக, தீர்ப்பு தப்பாக இருக்கலாம், அபராதம் சரி. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் ஏற்றுக்கொள்வது ரசிகனுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்த வார வாட்ஸப் சண்டையில் எவருமே இரண்டையும் சேர்த்துச் சொல்லவில்லை.

டிஆர்எஸ் வந்த பிறகு நடுவர் தன் தப்பை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள ஒரு சைகை இருக்கிறது. இரண்டு கையையும் குறுக்காக மடக்கித் தோள்களைத் தொட வேண்டும், முன்பு சொன்னது ரத்து. முறைப்படி டிஆர்எஸ் தொடங்கியது 2009 நவம்பரில், ஹோல்டிங் ஸ்டம்பை உதைத்த அதே டுனெடின் ஊரில். ரிவியூ மிச்சம் இருந்திருந்தால் கோயம்புத்தூரில் கிருத்திகா தோளைத் தொட்டிருப்பார், அஸ்வின் ஆடியிருப்பார். தீர்ந்துபோன ரிவியூக்களை வீணாக்கியது நடுவர் இல்லை.

ஒரு வாரத்திலேயே எங்கள் அணிக்கு அடுத்த வம்பு. சேலத்தில் ஆடிய ஆட்டத்தில் திண்டுக்கல் அணி துண்டால் பந்தைச் சேதப்படுத்தியது என்று மதுரை பாந்தர்ஸ் புகார் கொடுத்தது. துண்டுகள் எல்லா அணிக்கும் சங்கமே கொடுப்பவை, பந்து முழு நேரமும் நடுவர்களின் கண்காணிப்பில் இருந்தது, ஆதாரம் இல்லை என்று தள்ளுபடியானது. ஜூன் 8 அன்று நடுவர் பார்வை சரியில்லை என்று சொன்ன ஊர்க்காரர்கள், அடுத்த வாரம் நடுவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார் என்று வாதாடினார்கள். நானும்தான்.

ஜூலை 6 இறுதி ஆட்டம் நத்தத்தில், என்பிஆர் கல்லூரி மைதானத்தில். மறுபடி அதே திருப்பூர், மறுபடி அதே திண்டுக்கல். 2016ல் டிஎன்பிஎல் தொடங்கிய முதல் வருடத்திலிருந்து ஆட்டம் நடக்கும் மைதானம். போகும் வழியெல்லாம் மாந்தோப்பு. திருப்பூர் 220 அடித்தது, நாங்கள் 102. 118 ரன் வித்தியாசம். முந்தைய வருடச் சாம்பியன்களின் சொந்த ஊரில், கடைசி விக்கெட் விழுவதற்கு முன்பே பாதிக் கூட்டம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டது. அப்பீல் எழுந்தபோதுகூட யாரும் அம்பயரைத் திட்டவில்லை, திட்டி ஆவதற்கு ஒன்றும் இல்லை.

நான் உட்கார்ந்திருந்தேன். திருப்பூர்காரர்கள் நடுவில் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நடுவர்களும் அவரவர் முனையில் ஸ்டம்பின் மேலிருந்த பெயில்களை எடுத்தார்கள். வீரர்கள் ஒவ்வொருவராக அவர்களிடம் நடந்து வந்து கை கொடுத்தார்கள்.